பதினான்கு மைக்ரான்

மீன்பிடித் தடைக்காலத்தில் ஜெகதாப்பட்டினத்தில் பெயின்ட் வாளிக்குத் தப்பிய பொருள் எதுவும் கிடையாது. முதலில் விசைப்படகுக்கு அடிப்பார்கள். மிச்சம் இருந்தால் வீட்டுக் கதவுக்கு, அதிலும் மிஞ்சினால் சைக்கிளுக்கு. அறுபது நாள் கடலுக்குப் போகாத கைகள் சும்மா இருக்குமா? அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த ரூமானாவுக்கு இது தெரியாத சங்கதி இல்லை. திருச்சியில் ஆராய்ச்சி, ஆராய்ச்சி என்று நாலு வருஷம் லேசரோடு குடும்பம் நடத்தியதில் மறந்துபோயிருந்தாள்.

அதனால்தான் அன்று காலை ஐஸ் பிளான்ட்டுக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். முந்தின நாள் அவள் மணிக்கணக்காக உட்கார்ந்து படம் எடுத்து வைத்திருந்த கான்கிரீட் உத்தரம், நீலம் கலந்த சுண்ணாம்பில் கல்யாண வீடு மாதிரி பளிச்சென்று இருந்தது. விரிசலைத் தேடினாள். அதில் வெள்ளை சிமென்ட் அப்பி, மேலே தேய்த்து மொழுமொழுவென்று ஆக்கியிருந்தார்கள்.

"யாரு பாத்த வேலை இது?"

ஐஸ் பார் தூக்கித் தூக்கியே தோள் ஒருபக்கம் இறங்கிப்போன வெள்ளைச்சாமி, பெருமையாக முன்னால் வந்தார். "நான்தான் பாப்பா. அம்மாதான் சொன்னாக. நீங்க திருச்சியில பெரிய வாத்தியாருக்குக் காட்டப் போற போட்டாவாம். செவரு கண்றாவியா இருக்குன்னாக. ரெண்டு கோட்டு அடிச்சிருக்கேன். இப்ப எடுங்க, சும்மா அள்ளும்."

ரூமானாவுக்கு அழுகைதான் வந்தது. அதை அவரிடம் காட்ட முடியாது. வேலை முடித்துப் பாராட்டுக்காக நிற்கிற மனிதரிடம் என்ன சொல்வது? நல்லாருக்கு என்று சொல்லிவிட்டு, லேப்டாப் பையைத் தோளில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தாள்.

விஷயம் இதுதான். அவள் அப்பா ஹாஜா முகைதீன், அவளுக்கு அத்தா, இருபத்திரண்டு வருஷம் சவுதியில் தம்மாமில் வெந்து சம்பாதித்துக் கட்டிய பிளான்ட் அது. மாடியில் ஐஸ் பார்களை அடுக்கி, அங்கேயே மிஷினில் உடைத்து, தகரச் சறுக்கு வழியாகக் கீழே நிற்கும் வண்டியில் கொட்டுவார்கள். அந்த மாடித்தளம் தூணே இல்லாமல் ஆறடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கீழே வண்டியைச் சுற்றி எட்டுப் பேர் மண்வெட்டியோடு நிற்பார்கள். பெருநாளைக்கு ஊருக்கு வந்தபோது, தளத்தைத் தாங்கும் உத்தரத்தின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல் இறங்கியிருப்பதை ரூமானா பார்த்துவிட்டாள். பார்த்த நாள் முதல் அவளுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. அந்த எட்டுப் பேரையும் அவளுக்குப் பெயர் சொல்லித் தெரியும்.

அத்தா கேட்டது நியாயமான கேள்விதான். "உப்புக்காத்து ஊருல விரிசல் இல்லாத கட்டடம் எதும்மா? அது சும்மா கெடக்குதா, நகருதான்னு பாத்துச் சொல்லு. நகருதுன்னா அன்னைக்கே தளத்தப் பூட்டிர்றேன். இருபத்தெட்டுப் போட்டுக்கு ஐஸ் தாரேன்னு வாக்குக் குடுத்துருக்கேன். ஒரு பயத்துக்காகப் பூட்ட முடியாது."

நகர்வைப் பார்ப்பதுதான் ரூமானாவின் ஆராய்ச்சியே. சொரசொரப்பான பரப்பில் லேசர் பட்டால் ஒளி ஒரே சீராக விழாது. ரவையை இறைத்த மாதிரி பொடிப் பொடிப் புள்ளிகளாகச் சிதறும். அந்தப் புள்ளிக்கூட்டம் அந்த இடத்துக்கு மட்டுமே உரியது. இடம் நகர்ந்தால் அதுவும் கூடவே நகரும். பாரம் இல்லாதபோது ஒரு படம், பாரம் ஏற்றிய பின் ஒரு படம். இரண்டையும் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, முதல் படத்துக் கட்டம் இரண்டாம் படத்தில் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று கம்ப்யூட்டர் தேடிக் கண்டுபிடிக்கும். விரிசலுக்கு இடப்பக்கம் எவ்வளவு போனது, வலப்பக்கம் எவ்வளவு போனது என்று பார்த்துக் கழித்தால், விரிசல் எவ்வளவு வாய் திறந்தது என்று மைக்ரான் சுத்தமாகச் சொல்லலாம். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு, அதுதான் மைக்ரான்.

ஆனால் இரண்டு படத்துக்கும் நடுவில் பரப்பு மாறக்கூடாது. ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்தாலே புள்ளிகள் வேறாகிவிடும். இங்கே இரண்டு கோட்டு சுண்ணாம்பு.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கத்தலாம் என்று கிளம்பினாள். ரம்லத் பீவி அவளுக்கு முந்திக்கொண்டார். "பின்ன, அழுக்குச் செவத்தையா போய்க் காட்டுவ? ஐஸ் பிளான்ட்டு வச்சிருக்காக, ஒரு கிலோ சுண்ணாம்பு வாங்க வக்கில்லன்னு நெனைக்க மாட்டாகளா? ஊருல போட்டுக்கெல்லாம் பெயின்ட்டு அடிச்சு நிறுத்தியிருக்கு. நம்ம செவரு மட்டும் ஏன் மூளியா இருக்கணும்?"

"அம்மா, அது போட்டோ இல்லம்மா."

"கேமரா வச்சுத்தானே எடுத்த?"

போட்டோதான், ஆனால் போட்டோ இல்லை என்று அம்மாவுக்கு ஒருநாள் பூராவும் உட்கார்ந்து விளக்க வேண்டும். அவளிடம் ஒருநாள் இல்லை. நாளை மறுநாள் விடிந்தால் தடை முடிகிறது. நாளைக் காலையிலேயே வண்டிகள் வரிசை கட்டிவிடும்.

மணல் மூட்டை ஏற்றிச் சோதித்துவிடலாம் என்று அவள் அன்றைக்குப் போட்டிருந்த திட்டம் பாழாகிப் போனது. சுண்ணாம்பு காய்ந்தால்தான் புதிதாக முதல் படம் எடுக்க முடியும். கடற்கரை ஈரத்தில் அது லேசில் காயுமா? லேசரைப் போட்டுப் பார்த்தாள். புள்ளிகள் கொதிக்கிற கஞ்சி மாதிரி குமிழியிட்டுக்கொண்டே இருந்தன. மின்விசிறியை வைத்தாள். காற்றில் கேமரா ஸ்டாண்ட் ஆடியது. நிறுத்தினாள். வெளியே போய்க் கடலைப் பார்த்தாள், உள்ளே வந்து சுண்ணாம்பைத் தொட்டுப் பார்த்தாள், விரலில் ஒட்டியது. இப்படியே அன்றைய பொழுது போனது. மூட்டை அடுக்கக் கூப்பிட்டிருந்த ஆட்களும் டீ குடித்துவிட்டுக் கலைந்தார்கள்.

மறுநாள் காலை சுண்ணாம்பு விரலில் ஒட்டவில்லை, புள்ளிகளும் ஒருவழியாக நின்றிருந்தன. ஆனால் ஏழரைக்கே முதல் வண்டி வந்துவிட்டது. வேறு வழியில்லை. வண்டிக்கு வண்டி ஏறி இறங்கும் ஐஸையே பாரமாக வைத்துக்கொள்வது என்று அவளே ஒரு முடிவுக்கு வந்தாள். தளம் காலியாக இருக்கும்போது ஒரு படம். நாற்பது பார் ஏற்றியதும் ஒரு படம். நாற்பதும் உடைந்து கீழே போனதும் ஒரு படம். பாரம் ஏறினால் எந்தக் கட்டடமும் கொஞ்சம் நெகிழும். அதில் தப்பில்லை. பாரம் இறங்கியதும் பழைய இடத்துக்குத் திரும்பி வருகிறதா என்பதுதான் கேள்வி. திரும்பி வராவிட்டால் உள்ளே ஏதோ விட்டுக்கொடுக்கிறது என்று அர்த்தம். ஆட்கள் கீழே நிற்கும்போது இந்தச் சோதனையைச் செய்வதா என்று உள்ளுக்குள் ஒரு குரல் அரித்துக்கொண்டே இருந்தது. செய்யாவிட்டாலும் அவர்கள் அங்கேதானே நிற்கப் போகிறார்கள்?

வெயில் படாமல் தார்ப்பாயைக் கட்டி, அதற்குள் கேமராவோடு உட்கார்ந்தாள். நாற்பது பார் ஏறியது. ஒரு பார் ஐம்பது கிலோ. விரிசல் பதினெட்டு மைக்ரான் திறந்தது. பார்கள் உடைந்து இறங்கின. மூடியது, ஆனால் முழுசாக இல்லை. இரண்டு மைக்ரான் மிச்சம். இரண்டெல்லாம் ஒரு கணக்கா, கேமராவின் நடுக்கமே அவ்வளவு இருக்கும் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

இரண்டாவது வண்டி போனதும் மிச்சம் ஐந்து. மூன்றாவதுக்கு ஒன்பது.

நாலாவது வண்டி போனதும் எண் திரையில் வர எடுத்துக்கொண்ட பத்து விநாடியில் அவள் நகத்தைக் கடித்துத் துப்பிவிட்டாள். பதினான்கு.

உடனே சாருக்குப் போன் போட்டாள். அவளுடைய வழிகாட்டி, நல்ல மனிதர், ஆனால் அவசரம் என்ற சொல் அவர் அகராதியில் கிடையாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "புது சுண்ணாம்பு காயும்போது அதுவே சுருங்குமே, ரூமானா. அதுல எவ்வளவு, கான்க்ரீட்ல எவ்வளவுன்னு எப்படிப் பிரிப்பீங்க?" என்றார்.

"பிரிக்க முடியாது சார். பாரம் ஏறாத வேற செவத்துல வச்சுப் பாத்தாத் தெரியும். ஆனா கேமராவ நகட்டுனா இதுவரைக்கும் எடுத்ததெல்லாம் போயிரும்."

"அப்ப இத வச்சு எதுவும் சொல்ல முடியாது. நான்னா கையெழுத்துப் போட மாட்டேன்."

அவர் சொன்னது அட்சர சுத்தம். அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. ஆய்வுக்கட்டுரை என்றால் இன்னும் ஆறு மாதம் அளந்துகொண்டிருக்கலாம். இங்கே ஐந்தாவது வண்டி ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது. வெள்ளைச்சாமி மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தளத்துக்குக் கீழே நின்று, வா வா என்று டிரைவருக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார்.

ரூமானா எழுந்து போய் அத்தாவிடம் சொன்னாள். ஹாஜா முகைதீன் வரிசையில் நின்ற வண்டிகளுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நகந்திருக்கு?"

"பதினாலு மைக்ரான் அத்தா."

"புரியிற மாதிரி சொல்லும்மா."

"தலைமுடி கனத்துல அஞ்சுல ஒரு பங்கு."

அவர் சிரித்துவிட்டார். கேலிச் சிரிப்பில்லை, மூச்சு வந்த சிரிப்பு. மகள் வாயிலிருந்து என்ன வருமோ என்று இரண்டு நாளாக அவரும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார். "நான் என்னமோ ஏதோன்னு நெனைச்சேன். வெள்ளைச்சாமி பூசுன சுண்ணாம்புல ஒரு கீறல்கூட இல்லையேம்மா. காலையிலேருந்து அதைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

"சுண்ணாம்புல கீறல் விழுறப்போ நேரம் கடந்துரும் அத்தா. எவ்வளவுங்கிறது முக்கியமில்ல. ஒவ்வொரு வண்டிக்கும் கூடிக்கிட்டே போகுது. திரும்பி வர மாட்டேங்குது."

ஹாஜா முகைதீன் அரைமனதாகத் தார்ப்பாய்க்குள் குனிந்து வந்தார். திரையில் இருந்த எண்களை அவர் பார்க்கவே இல்லை. உத்தரத்தின் மேல் சிவப்பாக மினுங்கிக்கொண்டிருந்த புள்ளிகளைத்தான் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கழற்றியபடியே இடப்பக்கம் சாய்ந்து பார்த்தார், வலப்பக்கம் சாய்ந்து பார்த்தார். அவர் முகம் வெளிறியது.

"யா அல்லா. ஓடுதேம்மா."

"என்னத்தா?"

"செவரு. பூரா ஓடுது. எறும்புக்கூட்டமா அங்கிட்டு ஓடுது பாரு." அவர் கை அவள் தோளைப் பிடித்தது. "இதையா முடியில அஞ்சுல ஒரு பங்குன்னு சொன்ன? இரு, வண்டிய நிறுத்தச் சொல்றேன்."

ரூமானாவுக்குப் புரிந்துவிட்டது. அவர் பார்த்தது சுவரின் ஓட்டம் இல்லை. லேசர் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டே தலையை அசைத்தால், கல்லில் செதுக்கிய சுவரானாலும் ஓடுகிற மாதிரிதான் தெரியும். முதலாமாண்டுப் பிள்ளைகள் லேபுக்கு வந்தால் இதைக் காட்டித்தான் அவள் வேடிக்கை செய்வாள். இப்போது ஒரு சொல் சொல்லாமல் இருந்தால் போதும். தளம் பூட்டப்படும். எட்டுப் பேரும் வெளியே வந்துவிடுவார்கள். இரண்டு நாளாக அவள் கேட்டு அழுத காரியம், வாயை மூடிக்கொண்டிருந்தால் கிடைத்துவிடும்.

அத்தா தார்ப்பாயை விலக்கிக்கொண்டு வெளியே ஒரு கால் வைத்துவிட்டார்.

"அத்தா, அது செவரு இல்ல. ஒங்க தலை ஆடுறது."

அவர் திரும்பினார்.

"தலைய ஆட்டாமப் பாருங்க, நிக்கும். எந்தச் செவத்துல அடிச்சாலும் இப்பிடித்தான் ஓடும். நான் சொல்ற நகர்வு கண்ணுக்குத் தெரியாது. அதுலயும் சுண்ணாம்பு காயுறது எவ்வளவு, தளம் எவ்வளவுன்னு எனக்குச் சரியாத் தெரியல. சார் இத ஒத்துக்க மாட்டேன்னுட்டாக. ஆனா தளம் விட்டுக்குடுத்துக்கிட்டு இருக்குன்னுதான் எனக்குப் படுது."

சொல்லி முடித்ததும் தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது. என்ன பெரிய உண்மை, எட்டு உயிரை விட? ஹாஜா முகைதீன் தலையை ஆட்டாமல் நின்று ஒருமுறை சுவரைப் பார்த்தார். புள்ளிகள் நின்றன. மேலே நாற்பது பாரும் ஏற்றியாயிற்று என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

"நீ பேசாம இருந்திருந்தா நான் நிறுத்தியிருப்பேன்."

"ஆமாத்தா."

"தெரிஞ்சுதான் சொன்னியா?"

"தெரிஞ்சுதான்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு வெளியே போய், வண்டியை முன்னால் எடுக்கச் சொன்னார். கீழே நின்றவர்களை ரோட்டுப் பக்கம் போகச் சொன்னார். தளத்தில் இருந்த பார்களை ஒவ்வொன்றாக உள்பக்கம் இழுக்கச் சொன்னார். ஏன் என்று கேட்டவர்களுக்கு, "எம் மக சொல்லுது" என்றதோடு சரி.

அதன்பின் நடந்ததைச் சொன்னால் யாருக்கும் சந்தோஷமாக இருக்காது. மிச்ச ஐஸைப் பின்வாசல் வழியாகத் தோளில் சுமந்து ரோட்டில் வைத்து உடைத்தார்கள். பாதி உருகி சாக்கடைக்குப் போனது. இருபத்தெட்டுப் படகில் பதினொன்றுக்குத்தான் நேரத்துக்கு ஐஸ் போய்ச் சேர்ந்தது. ஐந்தாவது வண்டியின் சொந்தக்காரரான பீட்டருடைய படகு, தடை முடிந்த முதல் நாள் காலையில் மற்றவர்களோடு போக முடியாமல் மதியத்துக்குமேல் கிளம்பியது. அறுபது நாள் காத்திருந்தவனுக்கு அந்த முதல் காலை என்னவென்று கடலுக்குப் போகிறவர்களுக்குத்தான் தெரியும். முந்திப் போனவர்கள் இறாலை அள்ளிக்கொண்டு வந்தார்கள்.

கரை திரும்பியதும் பீட்டர் நேராக பிளான்ட்டுக்கு வந்தார். வண்டி நின்றிருக்க வேண்டிய இடத்துக்கு எதிரே நின்று தளத்தை அண்ணாந்து பார்த்தார். "நிக்கிதே பாய்" என்றார். அவ்வளவுதான் சொன்னார், போய்விட்டார்.

தளம் நின்றது. மறுநாளும் நின்றது. அதற்கடுத்த நாளும். முன்னால் கயிறு கட்டிச் சிவப்புத் துணி தொங்கவிட்டிருந்தார்கள். அந்த வழியாகப் போகிறவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்தார்கள். டீக்கடையில், ஹாஜா பாய் மகள் முடியை அளந்து ஐஸை உருக்கினாள் என்று ஒரு பேச்சு ஓடியது. ஹாஜா முகைதீன் அதைக் கேட்டும் கேட்காத மாதிரி இருந்தார். ஆனால் வீட்டுக்கு வந்ததும் சாப்பிடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்பார்.

"விழுந்திருக்குமாம்மா?"

"தெரியாதுத்தா."

அவர் தலையாட்டிவிட்டுக் கையைக் கழுவப் போவார். ஆமா என்று ஒரு சொல்லை அவர் எதிர்பார்க்கிறார் என்று அவளுக்குத் தெரியும். அதைக் கொடுக்க அவளிடம் இல்லை.

திருச்சிக்குத் திரும்ப வேண்டிய தேதி தாண்டியும் ரூமானா போகவில்லை. தினமும் காலையில் கேமராவை வைத்துக்கொண்டு காலித் தளத்தை அளந்தாள். சுண்ணாம்பு நன்றாகக் காய்ந்திருந்தது, புள்ளிகள் அசையாமல் நின்றன. நகர்வு பூஜ்யம். கால் மணிக்கு ஒரு படம், மறுபடி பூஜ்யம். நாலாம் நாள் மதியம் அப்படி உட்கார்ந்திருக்கும்போதுதான், தான் எதற்காகக் காத்திருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. அது விழ வேண்டும். ஆளில்லாத நேரத்தில், ஊரே பார்க்க, மடமடவென்று விழ வேண்டும். பீட்டர் வந்து பார்க்க வேண்டும், டீக்கடைக்காரன் பார்க்க வேண்டும், அத்தா நிம்மதியாகச் சாப்பிட வேண்டும். விழு, விழுந்து தொலை என்று மூன்று நாளாகத் தான் உள்ளுக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்ததை நினைத்து அவளுக்கே கூச்சமாக இருந்தது. கூச்சப்பட்டுக்கொண்டே அடுத்த படத்தையும் எடுத்தாள்.

திரையில் கட்டங்கள் கலைந்து போயின. எண் எதுவும் வரவில்லை.

தார்ப்பாயை விலக்கிப் பார்த்தாள். தளத்துக்கு நேர் கீழே, வெயிலுக்கு ஒதுங்கி, லேசர் போகிற வழியை மறித்தபடி ஒரு பெட்டியின் மேல் வாகாக உட்கார்ந்துகொண்டு, வெள்ளைச்சாமி தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். லேசர் அவர் சட்டையில் மினுங்கிக்கொண்டிருந்தது.

ரூமானா கயிற்றுக்குள் நுழைந்து ஓடினாள். போகும்போது அவள் வாய் என்னவோ சொல்லிக்கொண்டே போனது. விழுந்துறாத, விழுந்துறாத, இன்னும் கொஞ்ச நேரம் நில்லு என்று அந்தத் தளத்திடம்தான் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"எந்திரிங்க. எந்திரிங்கண்ணே."

"ஏன் பாப்பா, மேலதான் ஐஸு ஒண்ணும் இல்லையே." வெள்ளைச்சாமி சோற்றுக்கையோடு அவளை அண்ணாந்து பார்த்தார். "இங்க கொஞ்சம் நெழலா இருக்கு."

அவள் அவருடைய இடது கையைப் பிடித்து இழுத்தாள். அவர் தூக்குச்சட்டியை மூடத் தேடினார். மூடி உருண்டு சுவரோரம் போயிருந்தது. அதை எடுக்க அவர் குனிய, விடுங்க விடுங்க என்று அவள் இழுக்க, இரண்டு பேரும் அங்கேயே தடுமாறி நின்றார்கள்.

அப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஆபீஸ் அறையிலிருந்து வெளியே வந்த ஹாஜா முகைதீன் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். கூலிக்காரர்களைக் கூப்பிட்டால் படகுத்துறை வரைக்கும் கேட்கிற குரல் அவருக்கு. அன்றைக்கு அந்தக் குரல் எழவில்லை. ஒரு கையை மட்டும் நீட்டி, கொஞ்சம் சத்தம் போட்டாலும் அந்தத் தளம் விழுந்துவிடும் என்பது போல, கிசுகிசுவென்று கூப்பிட்டார்.

"வெளிய வந்துரும்மா. மெல்ல வா."